லேலண்ட் என்ற பெயர்

எண்ணூரிலிருந்தும் ஓசூரிலிருந்தும் கரூர் நோக்கிப் போகும் மொட்டைச் சேசிஸ்களை நெடுஞ்சாலையில் பார்த்திருப்பீர்கள். கூரை இருக்காது, கதவு இருக்காது, முன்கண்ணாடி இருக்காது. ஓர் எஞ்சின், ஒரு ஸ்டியரிங், பின்னால் நீளும் இரண்டு இரும்புச் சட்டங்கள், ஆறு சக்கரங்கள், அவ்வளவுதான். ஓட்டுநர் தலையிலும் முகத்திலும் துண்டைச் சுற்றிக்கொண்டு எதிர்காற்றை நெஞ்சில் வாங்கியபடி ஓட்டிப் போவார். கரூரில் பாடி கட்டி, சீட் போட்டு, பெயிண்ட் அடித்த பிறகு அது பஸ் ஆகும். சிறுவனாக இருந்தபோது டவுன்பஸ்ஸில் ஓட்டுநர் பக்கத்து எஞ்சின் பெட்டிமேல் உட்கார இடம் கிடைத்தால் எனக்கு ராஜயோகம்தான். தொடை சுடும், காது அடைக்கும், ஆனால் கியர் மாறுவதை அருகிலிருந்து பார்க்கலாம். வண்டியின் நெற்றியில் பொறித்திருந்த எழுத்துகளை அப்போதுதான் கூட்டிப் படித்தேன். லேலண்ட் என்பது ஓர் ஊரின் பெயர் என்று தெரிந்துகொள்ளப் பல வருடங்கள் ஆயின.

இங்கிலாந்தின் லங்காஷயரில், பிரெஸ்டன் நகருக்குத் தெற்கே இருக்கிறது அந்த ஊர். 1896-ல் லங்காஷயர் ஸ்டீம் மோட்டார் கம்பெனி என்ற பெயரில் நீராவி வண்டிகள் செய்யத் தொடங்கிய பட்டறை, 1907-ல் ஊரின் பெயரையே வைத்துக்கொண்டு லேலண்ட் மோட்டார்ஸ் ஆனது. பிரிட்டிஷ் கொடி பறந்த இடமெல்லாம் அதன் பஸ்களும் லாரிகளும் ஓடின. 1974-ன் கடைசியில் அந்தப் பெயரைத் தாங்கிய மாபெரும் கார் நிறுவனம் கையில் காசில்லாமல் நின்றது. 1975-ல் அரசு அதைத் தன்வசம் எடுத்துக்கொண்டது. அடுத்த 13 வருடங்கள் மக்களின் வரிப்பணம் அதற்குள் போய்க்கொண்டிருந்தது. 2005-ல், எஞ்சியிருந்த கடைசித் துண்டும் பர்மிங்காமின் லாங்பிரிட்ஜ் ஆலையில் மூச்சை விட்டது. இன்று பிரிட்டனில் லேலண்ட் என்று பொறித்த புது வண்டி எதுவும் ஆலையிலிருந்து வெளியே வருவதில்லை. எண்ணூரில் வருகிறது.

கார் கம்பெனி மூழ்கும்போது அரசு பணம் கொடுக்கலாமா என்று உலகமெங்கும் பேசுகிறார்கள். கொடுத்தே ஆகவேண்டும், இல்லையென்றால் ஊரே நடுத்தெருவுக்கு வந்துவிடும் என்பார்கள் சிலர். கொடுப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது என்பார்கள் வேறு சிலர். பேச்சு அதோடு நின்றுவிடுகிறது. எதைக் காப்பாற்றுவதற்காகக் கொடுக்கிறோம் என்று கேட்பவர்கள் குறைவு. கம்பெனியின் பெயர், அதன் உடைமை, தொழிலாளியின் வேலை, காரைச் செய்யத் தெரிந்த கைகள் ஆகிய நான்கும் சேர்ந்தே பிழைக்கும், சேர்ந்தே சாகும் என்ற நம்பிக்கையில்தான் 1975-ல் பிரிட்டன் பணம் போட்டது. நான்கும் நாலு திசையில் போயின. எது எங்கே போனது என்று தேடிப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

கதையை 1959-லிருந்து தொடங்க வேண்டும். அந்த ஆகஸ்டில் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் மினி காரை வெளியிட்டது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த வண்டி. எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்து, அதன் அடியிலேயே கியர்பாக்ஸைப் பொருத்தி, பத்தடி நீளத்தில் நான்கு பேர் தாராளமாக உட்கார இடம் கொடுத்தார். இன்று நம் தெருக்களில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவை குறுக்கு எஞ்சினும் முன்சக்கர இயக்கமும் கொண்டவை. அந்த வழியைப் பெரிய அளவில் திறந்துவிட்டது மினிதான். அடிப்படை மாடலின் விலை 496 பவுண்டு. போட்டி நிறுவனமான ஃபோர்டுக்கு அந்த விலை புரியவில்லை. ஒரு மினியை வாங்கி, போல்ட் போல்ட்டாகக் கழற்றி, ஒவ்வொரு பாகத்துக்கும் என்ன செலவாகியிருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். ஒவ்வொரு காரிலும் அந்தக் கம்பெனி சுமார் 30 பவுண்டு நட்டப்படுகிறது என்பது அவர்கள் கண்ட விடை. கார் தொழில் வட்டாரத்தில் இன்றும் சொல்லப்படும் கதை இது. கம்பெனி அந்தக் கணக்கை மறுத்தது. ஆனால் தன் காரின் அடக்கவிலை தனக்கே சரியாகத் தெரியாத கம்பெனியாக அது இருந்தது என்பதைப் பின்னால் நடந்தவை காட்டிவிட்டன. 2000 வரை 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மினிகள் விற்றன. அவ்வளவு விற்றும் அடுத்த காரைச் செய்யப் போதுமான லாபம் சேரவில்லை.

ஆஸ்டின், மோரிஸ் என்ற பழைய எதிரிகளை 1952-ல் இணைத்து உண்டானது பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன். இணைந்த பிறகும் ஆஸ்டினின் லாங்பிரிட்ஜ்காரர்களும் மோரிஸின் கௌலிகாரர்களும் பங்காளிச் சண்டையை விடவில்லை. ஒரே காருக்கு இரண்டு பெயர்ப்பட்டை ஒட்டி இரண்டு வகை டீலர்கள் விற்றார்கள். இந்தப் பக்கம் லேலண்ட் மோட்டார்ஸ் லாரியிலும் பஸ்ஸிலும் நன்றாகச் சம்பாதித்து, ஸ்டாண்டர்ட்-டிரையம்பையும் பிறகு ரோவரையும் வாங்கியிருந்தது. பிரதமர் ஹரால்ட் வில்சன் 1967-ல் இரண்டு தரப்பு முதலாளிகளையும் தன் ஓய்வில்லத்துக்கு அழைத்து விருந்து வைத்துப் பேசினார். தொழில்நுட்ப அமைச்சர் டோனி பென்னும் இணைப்புக்கு முழு ஆதரவு. நோஞ்சானைப் பலசாலியோடு கட்டிவிட்டால் இருவரும் ஓடிவிடுவார்கள் என்பது அன்றைய நம்பிக்கை. 1968-ல் பிரிட்டிஷ் லேலண்ட் பிறந்தது. ஆஸ்டின், மோரிஸ், எம்.ஜி., ரோவர், லேண்ட்ரோவர், டிரையம்ப், ஜாகுவார், டெய்ம்லர் என்று அத்தனை பெயரும் ஒரே கூரைக்குள் வந்தன. பிரிட்டனில் விற்ற கார்களில் பத்துக்கு நான்கு அவர்களுடையவை. வருமுன் காக்க அரசு எடுத்த முதல் நடவடிக்கை இந்த இணைப்பு. லேலண்டின் லாரி லாபம் கார்களின் பள்ளத்தில் விழுந்து காணாமல் போனதுதான் அதன் பலன். கடைசியில் அந்த லாரித் தொழிலையும் அதுவே கவிழ்த்தது என்று நினைக்கிறேன்.

பிரிட்டிஷ் லேலண்ட் என்றதும் வேலைநிறுத்தம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். லாங்பிரிட்ஜ் வாசலில் கைதூக்கி வாக்களிக்கும் கூட்டத்தின் படம் அந்தக் காலத்தின் அடையாளமாகிவிட்டது. தொழிற்சங்கங்களால்தான் கம்பெனி அழிந்தது என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. அந்த விளக்கத்தை நான் ஏற்கவில்லை. காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

லாங்பிரிட்ஜிலும் கௌலியிலும் பல்லாண்டுகளாக பீஸ் ரேட் முறைதான். எத்தனை கதவு மாட்டினாயோ அத்தனைக்குக் கூலி. இந்த முறையில் வேலை நடப்பதில் அக்கறை தொழிலாளிக்கே இருந்தது. ஸ்க்ரூ தீர்ந்துவிட்டால் கூலி போய்விடும் என்பதால் யாராவது ஓடிப்போய்க் கொண்டுவந்துவிடுவார்கள். பக்கத்துப் பிரிவில் தேக்கம் என்றால் ஷாப் ஸ்டூவர்டுகள் எனும் தொழிற்சங்கப் பிரதிநிதிகள் பேசித் தீர்ப்பார்கள். மேற்பார்வையாளர்கள் குறைவாக இருந்தும் ஆலை ஓடியதற்கு இதுதான் காரணம். ஒவ்வொரு புது மாடலுக்கும் ஒவ்வொரு வேலைக்கும் கூலியைப் புதிதாகப் பேரம் பேச வேண்டியிருந்ததால் தகராறும் ஓயாமல் இருந்தது. 1970-களின் தொடக்கத்தில் நிர்வாகம் பீஸ் ரேட்டை எடுத்துவிட்டு, நாளுக்கு இவ்வளவு என்று நிலையான சம்பளத்துக்கு மாறியது. கணக்கு எளிதாகும், தகராறு குறையும் என்று எண்ணினார்கள். அதுவரை ஆலையை உள்ளுக்குள் ஓட்டிவந்த பொறுப்பு தொழிலாளியின் கையிலிருந்து கழன்றது. அதைப் பிடித்துக்கொள்ளப் போதுமான ஃபோர்மேன்களோ வேலைத் திட்டம் போடத் தெரிந்த பொறியாளர்களோ நிர்வாகத்திடம் இல்லை. பாகம் வராவிட்டால் லைன் நிற்கும், யாரும் ஓட மாட்டார்கள். தம் ஆலையை அத்தனை காலமும் உண்மையில் யார் ஓட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது மேலே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. சம்பளத்தைத் தனித்தனியாகப் பேசும் குழுக்கள் மட்டும் கம்பெனி முழுக்க 200-க்கும் மேல் இருந்தன. ஒரு குழு கையெழுத்துப் போட்டால் அடுத்த குழு தன் பங்கைக் கேட்டு வெளியேறும்.

புதிதாக வந்த கார்களும் கைகொடுக்கவில்லை. 1971-ல் வந்த மோரிஸ் மரீனா, பழைய மோரிஸ் மைனரின் பாகங்களைக் கொண்டு அவசரமாக ஒட்டுப்போட்ட வண்டி. 1973-ல் வந்த ஆஸ்டின் அலெக்ரோவில், வட்டமாக இருக்க வேண்டிய ஸ்டியரிங்கைச் சதுரமாக நெளித்து வைத்திருந்தார்கள். வாங்கியவர்கள் முகம் சுளித்ததால் சீக்கிரமே அதைக் கைவிட்டார்கள். வளைவில் திரும்பும்போது கைக்குள் நழுவிச் சுழலும் வட்டத்தை ஓட்டுநரிடமிருந்து பறித்துவிட்டு, பதிலுக்கு அவருக்கு எதையும் கொடுக்காத மாற்றம் அது. வாங்கப் போகிறவரின் கையை நினைத்துப் பாராமல் ஒரு வண்டி அத்தனை கட்டங்களையும் தாண்டி விற்பனைக்கு வரமுடிந்தது என்றால், கோளாறு லைனில் நின்ற தொழிலாளியிடம் மட்டும் இருந்திருக்க முடியாது.

1973-ன் எண்ணெய் நெருக்கடி, ஆலைகளுக்கு வாரத்துக்கு மூன்று நாள் மட்டுமே மின்சாரம் கிடைத்த 1974-ன் தொடக்கம், 20 சதவீதத்தை நெருங்கிய பணவீக்கம் எல்லாம் சேர்ந்து டிசம்பரில் கம்பெனியின் கையிருப்பைக் காலிசெய்தன. அரசு உத்தரவாதம் கொடுத்துவிட்டு, நிலைமையை ஆராய டான் ரைடர் என்பவரை நியமித்தது. காகித, பதிப்புத் தொழில் நிறுவனம் ஒன்றின் தலைவராக இருந்தவர் அவர். சில மாதங்களில், 1975 ஏப்ரலில் அவருடைய அறிக்கை வந்தது. 1982 வரை அரசு 140 கோடி பவுண்டு போட வேண்டும், எல்லாக் கார்களையும் தொடர்ந்து செய்ய வேண்டும், சந்தையில் மூன்றில் ஒரு பங்கைத் தக்கவைக்க வேண்டும் என்று அது சொன்னது. ஆலைகளை மூடுவது பற்றிய பேச்சே இல்லை. பணம் போட்டால் புது இயந்திரம் வரும், அதோடு உற்பத்தித் திறன் கூடும், விற்பனையும் பெருகும் என்ற நேர்க்கோட்டில் கணக்குப் போட்டிருந்தார்கள்.

எந்தக் காரைச் செய்யப் போகிறோம் என்பதில் தெளிவு வருவதற்கு முன்பே பணம் வந்துவிட்டது என்பதுதான் என் பெரிய ஆதங்கம். இந்தத் தொகையைக் கேட்டதற்காக யாரையும் குறைசொல்ல மாட்டேன். மேற்கு மிட்லண்ட்ஸ் பகுதி முழுக்க லூகாஸ், ஜி.கே.என்., டன்லப் என்ற பெரிய உதிரிபாகக் கம்பெனிகளும், அவற்றுக்குக் கீழே நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகளும் இந்த ஒரே நிறுவனத்தின் ஆர்டரை நம்பி இருந்தன. டை வெட்டுபவர், அச்சு வார்ப்பவர், ஸ்பிரிங் சுருட்டுபவர், மெருகு போடுபவர் என்று பல தலைமுறைகளின் கைப்பழக்கம் அங்கே குவிந்து கிடந்தது. காப்பாற்ற வேண்டியது அதைத்தான். அதை எப்படிக் காப்பது என்று ரைடர் அறிக்கையில் யோசித்ததாகத் தெரியவில்லை. கம்பெனியைக் காத்தால் அதுவும் தானாகத் தப்பிவிடும் என்று வைத்துக்கொண்டார்கள்.

1977-ன் இறுதியில் தென்னாப்பிரிக்காவில் பிறந்த மைக்கேல் எட்வர்ட்ஸ் தலைவரானார். ரைடர் தொடாததை அவர் தொட்டார். லிவர்பூல் ஸ்பீக் ஆலையின் கார் பிரிவு 1978-ல் மூடப்பட்டது. எம்.ஜி. விளையாட்டுக் கார்களின் தாய்வீடான ஆபிங்டன் 1980-ல் மூடப்பட்டது. தன் திட்டத்தைத் தொழிலாளிகளிடமே வாக்கெடுப்புக்கு விட்டுப் பெரும்பான்மை ஆதரவு பெற்றார். ஷாப் ஸ்டூவர்டுகளின் தலைவர் டெரெக் ராபின்சனை 1979 நவம்பரில் வேலையை விட்டு நீக்கினார். ஐந்து வருடத்தில் ஆட்களின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியானது. ரோபோக்கள் வெல்டிங் செய்த லாங்பிரிட்ஜ் லைனில் 1980 அக்டோபரில் மெட்ரோ கார் வந்தது. நல்ல கார்தான், நன்றாக விற்றது. ஐந்தாறு வருடம் முன்னால் வந்திருக்க வேண்டிய கார்.

அதற்குள் ஆட்சி மாறியிருந்தது. நட்டக் கம்பெனிக்கு ஒரு காசும் தரக்கூடாது என்று வாதாடிவந்த கீத் ஜோசப் இப்போது தொழில் அமைச்சர். 1981 ஜனவரியில் அவரேதான் பிரிட்டிஷ் லேலண்டுக்கு 99 கோடி பவுண்டு தருவதாக அறிவித்தார். மார்கரெட் தாட்சர் அரசு இதைச் செய்தது என்று இன்று சொன்னால் பலர் நம்பமாட்டார்கள். வேலையில்லாதவர்களின் எண்ணிக்கை 20 லட்சத்தைத் தாண்டி 30 லட்சத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. லாங்பிரிட்ஜை மூடினால் மிட்லண்ட்ஸ் என்னவாகும் என்று தெரிந்தவர்கள் யாராக இருந்தாலும், எந்தக் கொள்கையை நம்பினாலும், அந்தக் கையெழுத்தைப் போட்டிருப்பார்கள்.

அரசுப் பணத்தால் வந்த மிகப் பெரிய நன்மை ஹோண்டாவின் நட்பு. 1979 டிசம்பரில் ஒப்பந்தம் ஆனது. ஹோண்டா பேலட் என்ற ஜப்பானியக் கார் 1981-ல் டிரையம்ப் அக்லெய்ம் என்ற பெயரில் கௌலியில் உருவானது. அடுத்தடுத்த ரோவர் கார்களை இரு தரப்புப் பொறியாளர்களும் உட்கார்ந்து சேர்ந்தே வரைந்தார்கள். பாகம் சரியாக வந்து சேர்வது எப்படி, குறையை லைன் முடிவில் தேடாமல் தொடக்கத்திலேயே தடுப்பது எப்படி என்பதெல்லாம் மெல்ல மெல்ல ஆலைக்குள் இறங்கின. இழந்த கைப்பழக்கம் வேறொரு வழியில் திரும்பி வந்துகொண்டிருந்தது. இதற்குக் காலம் ஆகும். அந்தக் காலத்தைத்தான் அரசு கொடுக்கவில்லை.

1984-ல் ஜாகுவாரைத் தனியே பங்குச்சந்தையில் விற்றார்கள். 1986-ல் கார் பிரிவை ஃபோர்டுக்கும் லேண்ட்ரோவரை ஜெனரல் மோட்டார்ஸுக்கும் கொடுக்கப் பேசியது வெளியே தெரிந்ததும் எதிர்ப்பு கிளம்பி, அது நின்றுபோனது. அதே வருடம் பிரிட்டிஷ் லேலண்ட் என்ற பெயரே போய் ரோவர் குழுமம் ஆனது. 1988-ல் எல்லாவற்றையும் விமானம் செய்யும் பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸுக்கு 15 கோடி பவுண்டுக்குத் தள்ளிவிட்டார்கள். அந்த விற்பனையில் அரசு மறைமுகமாக 3.8 கோடி பவுண்டு சலுகைகள் கொடுத்ததை அடுத்த வருடம் தணிக்கைத் துறை அம்பலப்படுத்தியது. ஐந்து வருடம் விற்கக்கூடாது என்ற நிபந்தனை இருந்தது. அந்தக் காலம் முடிந்து சில மாதங்களில், 1994 ஜனவரியில், பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸ் 80 கோடி பவுண்டுக்கு பி.எம்.டபிள்யூவிடம் கைமாற்றியது. பதினைந்து வருடம் கூட நின்று கற்றுக்கொடுத்த ஹோண்டா கைவிடப்பட்டது. ஹோண்டா தன் பங்கை எடுத்துக்கொண்டு விலகியது. இந்தக் கதையில் எனக்கு அதிகம் வலிக்கும் இடம் இதுதான். வேலைநிறுத்தங்களை ஊரே பேசியது. இந்த விற்பனையால் எது கைநழுவியது என்று பேசியவர்கள் வெகு சிலர்.

மீதியை வேகமாகச் சொல்லிவிடலாம். 2000-ல் பி.எம்.டபிள்யூ ரோவர் குழுமத்தைப் பிரித்தது. லேண்ட்ரோவர் ஃபோர்டுக்குப் போனது. மினியை பி.எம்.டபிள்யூவே வைத்துக்கொண்டது. லாங்பிரிட்ஜையும் மிச்சத்தையும் உள்ளூர் வியாபாரிகளின் குழு ஒன்று 10 பவுண்டுக்கு வாங்கியது. எம்.ஜி. ரோவர் என்ற அந்தக் கம்பெனியிடம் புது மாடல் செய்யக் காசில்லை. 2003-ல் அது சிட்டிரோவர் என்று விற்ற சிறு கார் புனேயில் செய்த டாடா இண்டிகாதான். 2005 ஏப்ரலில், தேர்தல் பிரசாரம் நடந்துகொண்டிருந்தபோது, சீனக் கம்பெனியுடன் நடந்த பேச்சு முறிந்தது. ஒரு வாரச் சம்பளத்துக்கு அரசு 65 லட்சம் பவுண்டு கடன் கொடுத்துப் பார்த்தது. பலிக்கவில்லை. சுமார் 6,000 பேர் வேலை இழந்தார்கள். தலைமையில் இருந்த ஐந்து பேர் சம்பளமும் ஓய்வூதியமுமாக 4.2 கோடி பவுண்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்று 2009-ல் வந்த அரசு விசாரணை அறிக்கை சொன்னது. எம்.ஜி. என்ற எழுத்துகள் சீனத்துக்குப் போயின. ஜெனரல் மோட்டார்ஸ் விட்டுப்போன குஜராத் ஹலோல் ஆலையில், 2019-லிருந்து அந்த எழுத்துகளோடு இந்தியாவில் கார்கள் வருகின்றன.

இதோடு அமெரிக்காவின் 2008-ஐ வைத்துப் பார்க்கத் தோன்றும். அங்கே ஜார்ஜ் புஷ் டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸுக்கும் கிரைஸ்லருக்கும் 1,740 கோடி டாலர் ஒதுக்கினார். அடுத்து வந்த ஒபாமா அரசு, இரண்டு கம்பெனிகளும் கொடுத்த திட்டங்களையும் 2009 மார்ச்சில் திருப்பி அனுப்பியது. ஜெனரல் மோட்டார்ஸின் தலைவரைப் பதவி விலகச் சொன்னது, அறுபது நாள் கெடு வைத்தது. ஜூன் 1-ல் அந்தக் கம்பெனி திவால் நீதிமன்றத்துக்குப் போய், பான்டியாக், சாட்டர்ன், ஹம்மர், சாப் என்ற பெயர்களை உதறிவிட்டு மெலிந்து வெளியே வந்தது. அரசு போட்ட 4,950 கோடி டாலரில் 2013 டிசம்பருக்குள் பெரும்பகுதி திரும்பியது. நட்டம் ஆயிரம் கோடி டாலருக்குச் சற்று மேல். பிரிட்டன் எடுத்துக்கொண்ட காலத்தில் பாதிகூட ஆகவில்லை. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதை முதலில் கேட்டுவிட்டுப் பிறகு பணம் போட்டது பலன் தந்தது என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் விலையைக் கொடுத்தவர்கள் புதிதாக வேலைக்கு வந்த இளைஞர்கள். பழைய தொழிலாளியின் பக்கத்தில் நின்று அதே போல்ட்டை முடுக்கி, ஏறக்குறைய பாதிக் கூலி வாங்கினார்கள். அந்த இரட்டைக் கூலியை ஒழிக்க 2023-ன் பெரிய வேலைநிறுத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1979-ல் 1.95 கோடியாக இருந்த அமெரிக்கத் தொழிற்சாலை வேலைகள் 2010-ன் தொடக்கத்தில் 1.15 கோடிக்கு இறங்கியிருந்தன. இரண்டு கார் கம்பெனிகளைத் தூக்கி நிறுத்தி அந்தச் சரிவை நிறுத்திவிட முடியாது.

அந்த மீட்பில் என் கவனத்தை இழுத்த ஒன்று ஃபோர்டின் நிலை. 2006-லேயே தன் நீல முட்டை அடையாளம் உட்பட எல்லாவற்றையும் அடகு வைத்து 2,360 கோடி டாலர் திரட்டியிருந்ததால் அதற்கு அரசு மீட்புப்பணம் தேவைப்படவில்லை. போட்டிக் கம்பெனிகள் ஒழிந்தால் லாபம்தானே என்று அது நினைக்கவில்லை. அவற்றுக்கு உதவுங்கள் என்று அதன் தலைவர் ஆலன் முலாலி நாடாளுமன்றத்தில் போய்ப் பேசினார். மூன்று கம்பெனிகளுக்கும் பிரேக்கும் சீட்டும் வயரும் தருபவர்கள் ஒரே ஆட்கள். அவர்கள் மூடினால் ஃபோர்டின் லைனும் நின்றுவிடும். தொழில் எங்கே குடியிருக்கிறது என்பதை ஒரு கார்க்காரரே வெளிப்படையாகச் சொன்ன அபூர்வமான நேரம் அது.

பிரிட்டனில் கார் தொழில் செத்துவிட்டது என்பதும் முழு உண்மை இல்லை. 1972-ல் 19.2 லட்சம் கார்கள் செய்த நாடு, 1982-ல் 9 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. 2016-ல் மீண்டும் 17.2 லட்சம் செய்தது. சண்டர்லாந்தில் நிசான், பர்னஸ்டனில் டொயோட்டா, ஸ்விண்டனில் ஹோண்டா, கௌலியில் பி.எம்.டபிள்யூவின் மினி. சண்டர்லாந்துக்கும் அரசு மானியம் கொடுத்தது, நிபந்தனைகளைப் பேசி வைத்துக்கொண்டு கொடுத்தது. ஆனால் எதை வரைவது, எங்கே செய்வது என்ற முடிவுகள் யோகோஹாமாவிலும் மியூனிக்கிலும் எடுக்கப்படுகின்றன. ஹோண்டா 2021-ல் ஸ்விண்டனை மூடிவிட்டது. 2024-ல் நாடு முழுவதும் 8 லட்சம் கார்கள்கூட வரவில்லை. வேலை இருந்தது, பெயர் வேறு. பெயர் இருந்தது, வேலை வேறு இடத்தில். உள்நாட்டுத் தொழில் என்று எதைச் சொல்வது என்பதே அங்கே குழப்பமாகிவிட்டது.

எண்ணூருக்குத் திரும்புகிறேன். 1948-ல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் முதலில் ஆஸ்டின் கார்களைப் பொருத்தித்தான் விற்றது. 1950-ல் லேலண்டோடு ஒப்பந்தம் போட்டு, 1955-ல் லேலண்ட் பங்குதாரராக வந்ததும் அசோக் லேலண்ட் ஆனது. இடையில் 1953-ல் சுங்கவரி ஆணையம் ஒரு நிபந்தனையைப் பரிந்துரைத்தது: பெட்டியில் வரும் பாகங்களைப் பொருத்தி விற்பதோடு நிற்காமல் படிப்படியாக இங்கேயே உற்பத்தி செய்யத் திட்டம் உள்ளவர்கள் மட்டும் இருக்கலாம். அது பிடிக்காத ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் அப்போது கிளம்பிவிட்டன. லேலண்ட் தங்கியது. எஞ்சினின் ஒவ்வொரு பாகமும் ஒவ்வொன்றாக இங்கே வார்க்கவும் கடையவும் தொடங்கியது. பணம் கொடுத்துக் காப்பாற்றியது அல்ல இது, கதவைத் திறந்து வைத்துக் கற்றுக்கொள்ளச் சொன்னது. அந்தப் பாதுகாப்பில் தேக்கமும் வந்தது, ஒரே மாதிரி லாரிகள் பல வருடம் ஓடின என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்த வருடங்களில்தான் சென்னையைச் சுற்றி கடைசல்காரர்களும் வார்ப்படக்காரர்களும் உருவானார்கள். பின்னால் வந்த ஹூண்டாய்க்கும் மற்றவர்களுக்கும் அவர்கள்தான் காத்திருந்தார்கள்.

எதிர்மாறான ஒரு பாடமும் சென்னையிலேயே இருக்கிறது. பிரிட்டிஷ் லேலண்டின் ரோவர் எஸ்.டி.1 என்ற அழகான காரின் அச்சுகள் வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸுக்கு வந்தன. 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெயரில் அந்தக் கார் வெளிவந்தது. உடல் ரோவர். உள்ளே வைத்தது பழைய வேன்கார்ட் கார் காலத்து எஞ்சின். தோற்றத்துக்கும் விலைக்கும் ஏற்ற ஓட்டம் இல்லை, பெட்ரோலையும் அதிகம் குடித்தது. 1988-ல் உற்பத்தி நின்றுவிட்டது. அச்சைக் கப்பலில் ஏற்றி அனுப்பலாம். அந்த அச்சை வெட்டத் தெரிந்தவரையும், அந்த உடலுக்கு எந்த எஞ்சின் பொருந்தும் என்று பத்து வருடம் தலையை உடைத்துக்கொண்டவரையும் அனுப்ப முடியாது.

லேலண்ட் ஊரின் லாரி ஆலை 1987-ல் டச்சு டாஃப் கம்பெனியோடு சேர்ந்தது. டாஃப் 1993-ல் கவிழ்ந்தபோது நிர்வாகிகளே ஆலையை வாங்கி நடத்தினார்கள். 1998-ல் அமெரிக்க பக்கார் வாங்கிக்கொண்டது. ஆலை இன்றும் ஓடுகிறது. அங்கிருந்து வருவது டாஃப் லாரிகள். அதே 1987-ல் அசோக் லேலண்டில் இருந்த பிரிட்டிஷ் பங்கை இந்துஜா குழுமமும் இத்தாலிய இவெகோவும் வாங்கின. பிறகு ஒரு திருப்பம். லேலண்ட் பஸ் குழுமம் 1984-ல் மூடிய லீட்ஸ் பாடி ஆலையில், வேலை இழந்தவர்கள் சிலர் 1985-ல் ஆப்டேர் என்று ஒரு பஸ் கம்பெனியைத் தொடங்கினார்கள். 2010-ல் அதில் பங்கு வாங்கத் தொடங்கிய அசோக் லேலண்ட், அடுத்த ஓரிரு வருடங்களில் அதைத் தன் கைக்குள் கொண்டுவந்தது. பெயர் கொடுத்த தாய்க் கம்பெனியின் மிச்சத்தைச் சென்னை வாங்கியது.

2025 ஆகஸ்டின் கடைசியில் ஜாகுவார் லேண்ட்ரோவரின் கணினிகளை யாரோ ஊடுருவி முடக்கினார்கள். பிரிட்டிஷ் லேலண்டிலிருந்து பிரிந்த அந்த இரண்டு பெயர்களும் ஃபோர்டின் கையைக் கடந்து 2008-ல் 230 கோடி டாலருக்கு டாடாவிடம் வந்தவை. ஆலைகள் ஐந்து வாரம் நின்றன. முதல் சில வாரத்திலேயே மிட்லண்ட்ஸின் சிறு பட்டறைகள் சம்பளம் கொடுக்க முடியாமல் திணறின. செப்டம்பர் இறுதியில் பிரிட்டிஷ் அரசு 150 கோடி பவுண்டு வங்கிக் கடனுக்கு உத்தரவாதம் அறிவித்தது. ரைடர் கேட்ட தொகைக்கு 10 கோடி அதிகம். ஐம்பது வருடத்தில் பணத்தின் மதிப்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை நினைத்தால் மிகவும் சிறியது. பெரிய கம்பெனிக்கு ஏன் பணம் என்று கேட்டவர்களுக்கு அமைச்சர்கள் சொன்ன பதில் உதிரிபாகம் செய்பவர்களைப் பற்றியது. அந்த வரிசையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை செய்கிறார்கள். அவர்களுக்குப் போக வேண்டிய தொகையைப் பாகம் வந்து சேரும் முன்பே கொடுக்கக் கம்பெனி ஓர் ஏற்பாடு செய்தது. அக்டோபர் 8-ல் வுல்வர்ஹாம்ப்டன் எஞ்சின் ஆலையில் ஆட்கள் வேலைக்குத் திரும்பினார்கள்.